கவுன்சிலிங் காலத்தில் வாசிக்க வேண்டியவை

(நாகர்கோவிலில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பிளஸ் டூ மாணவர்களிடமும் பெற்றோரிடமும் பேசியதன் எழுத்து வடிவம்)

மக்களே, பெற்றோர்களே, வணக்கம்.

பிளஸ் டூ வந்ததும் நம் வீடுகளில் முதலில் பரணுக்குப் போவது கதைப் புத்தகம்தான். பரீட்சை முடியட்டும், அப்புறம் வாசிக்கலாம் என்பார்கள். பரீட்சை முடிந்தால் நீட், அதற்கப்புறம் கட் ஆஃப், கவுன்சிலிங். எந்தத் தொழிலோடு வாழப் போகிறோம் என்று பதினேழு வயதுப் பிள்ளை முடிவெடுக்கிற அந்தச் சில மாதங்களில் அதன் கையில் கைடைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. எனக்கு இது பொறுக்கவில்லை.

முதலில், விண்ணப்பத்துக்கான தகவல் கையேடு. அதை ஒரு புத்தகமாக யாரும் மதிப்பதில்லை. பிரவுசிங் சென்டரில் இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று மொத்தம் 200க்குக் கட் ஆஃப் போடுவது எல்லோருக்கும் தெரியும். கல்லூரியையும் பாடப்பிரிவையும் நாம் வரிசைப்படுத்தித் தருகிற விருப்பப் பட்டியலை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் பலருக்கும் தெரியாதது. உங்கள் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, இடம் காலியாக இருக்கிற முதல் விருப்பத்தைத் தருவார்கள். ஆகவே, கிடைக்காது என்ற பயத்தில் பிடித்த கல்லூரியைக் கீழே தள்ளாதீர்கள். மேலே எழுதுவதால் எந்த நஷ்டமும் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. இதையெல்லாம் பிள்ளையே வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து, அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’. பரிசாக வாங்கி அலமாரியில் வைத்திருக்கும் வீடுகள் நிறைய. அதில் இரண்டு இடங்களையாவது இப்போது வாசியுங்கள். சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணமில்லாதபோது அவருடைய அக்கா ஜோஹரா தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைக்கிறார். நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டுவது என்னவென்று இந்த அரங்கில் இருக்கிற அம்மாக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று டேராடூன். விமானப்படைத் தேர்வுக்கு வந்த 25 பேரில் எட்டுப் பேரை எடுத்தார்கள், கலாம் ஒன்பதாவது. விமானி ஆவதுதான் அவருடைய ஆசை. ஒரே ஒரு இடத்தில் அது கைவிட்டுப் போனது. அரை மார்க்கில் சீட் போன பிள்ளைக்கு நாம் சொல்கிற ஆறுதலைவிட அந்தப் பக்கங்கள் உதவும். ஏனென்றால் அவர் அந்த வருத்தத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

மூன்றாவது நம் மாவட்டத்துப் புத்தகம். தேங்காப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’, 1988இல் வந்தது. ஊருக்கு ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை ஊர் முதலாளி எதிர்க்கிறார். படிப்பு வந்தால் தன் சொல்லுக்கு மதிப்பிருக்காது என்பது அவருக்குத் தெரியும். இன்று எந்தக் கல்லூரி, எந்தக் கோர்ஸ் என்று நாம் அலைகிறோமே, அந்த வாசலைத் திறக்க இந்தக் கரையில் என்னவெல்லாம் நடந்திருக்கிறது என்று அதில் தெரியும். பேச்சு முழுக்க நம் பக்கத்துப் பேச்சு, வாசிக்கச் சிரமமே இருக்காது. மீரான் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்தவர். அந்த வியாபாரத்துக்கு நடுவில் எழுதித்தான் 1997இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கினார். என்ன படித்தால் என்ன ஆகலாம் என்று கைடு போடுகிற கணக்குக்குள் அவர் அடங்கமாட்டார்.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். ரேங்க் பட்டியலுக்கும் கவுன்சிலிங் சுற்றுகளுக்கும் நடுவே சும்மா காத்திருக்கிற நாட்கள் வரும். வீடே ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த நாட்களில் பிள்ளையை நூலகத்துக்கு அழைத்துப் போய் உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுங்கள். புத்தகத்தை அவர்களே எடுக்கட்டும். வாசித்து முடித்ததும் அதில் யாரைப் பிடித்தது, ஏன் பிடித்தது என்று கேளுங்கள். “உனக்கு என்ன ஆகணும்?” என்று நேராகக் கேட்டால் வாயைத் திறக்காத பிள்ளைகள்கூட இதற்குப் பதில் சொல்வார்கள். விருப்பப் பட்டியலை அதற்கப்புறம் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள்.