ஊட்டி சர்ச்சுக்குள்ள திப்புவோட அரண்மனை மரம்: எப்படிப் பார்க்கணும்?

வணக்கம் மக்களே! ஊட்டியில அரண்மனை பார்க்கணும்னு வர்றவங்க நேரா ஃபெர்ன்ஹில் கேட்ல போய் நிக்கிறாங்க. 1844-ல கட்டின பங்களா, பிற்பாடு மைசூர் மகாராஜாக்களோட கோடை வாசஸ்தலம், எல்லாம் சரி. ஆனா ஹோட்டலா மாத்தின இடம் அது, டிக்கெட் கவுன்டர் கிடையாது. முன்னாடியே போன்ல கேக்காம போனா கேட்டோட திரும்ப வேண்டியதுதான்.

அதனால நான் சொல்றது, காலையில முதல்ல செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச். 1829-ல அடிக்கல் நாட்டி, 1831-ல மக்களுக்குத் திறந்தாங்க. உள்ளே போனதும் பெஞ்சைப் பார்க்காதீங்க, அண்ணாந்து பாருங்க. அந்தத் தேக்கு உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தானோட அரண்மனையைப் பிரிச்சு எடுத்து வந்தது. ஏன் அவ்வளவு தூரத்துல இருந்துன்னா, ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல இருக்கு, இந்தக் குளிர்ல தேக்கு வளராது. இங்க இருக்கிற சோலை மரங்க குட்டையா, முறுக்கிக்கிட்டு வளரும். இவ்வளவு நீளத்துக்கு நேரான உத்தரம் அதுல கிடைக்குமா?

மேற்குச் சுவர்ல இயேசுவோட கடைசி இராவுணவு ஓவியம் இருக்கு, அதையும் விட்டுடாதீங்க. கலர் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியில வெயில் வேணும். மூட்டம் இறங்கிட்டா கலரே செத்துடும், காலையில வரச் சொல்றது அதுக்குத்தான். போன்ல எடுக்கிறவங்க போன் திரையில தெரியற ஜன்னல் மேல விரலை வச்சு அழுத்தி ஃபோகஸை லாக் பண்ணிட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுங்க. இல்லேன்னா வெறும் வெள்ளைதான் விழும். அப்படி எடுத்தா கூரை கருத்துப் போகும், அதைத் தனி ஷாட்டா எடுத்துக்கோங்க. ஆராதனை நடக்கும்போது கேமராவைப் பைக்குள்ள வச்சிடுங்க.

அடுத்து தாவரவியல் பூங்கா. தோட்டக்கலை நிபுணர் மெக்ஐவர் 1848-ல உருவாக்க ஆரம்பிச்சது, சுமார் 22 ஹெக்டேர், தொட்டபெட்டா சரிவுல. முக்கால்வாசிப் பேர் கீழ்ப் புல்வெளியில செல்ஃபி எடுத்துட்டுக் கிளம்பிடுறாங்க. கல்லா மாறின மரத்தண்டு ஒண்ணு இருக்கு, வயசு 2 கோடி வருஷம்னு சொல்றாங்க. கிட்ட போய்ப் பார்த்தா மரத்தோட நார் வரி அப்படியே தெரியும், தொட்டா ஜில்லுன்னு கல்லு. இன்னும் மேல ஏறினா தோடர் மந்து, அதாவது தோடர் பழங்குடி மக்களோட குடியிருப்பு. ஏத்தம்தான், முட்டி வலி இருக்கிறவங்க மெதுவா ஏறுங்க. பூவுக்கு மே மாசம் உச்சம், கூட்டமும் அப்போதான். கூட்டம் ஆகாதவங்க செப்டம்பர், அக்டோபர் ரெண்டாவது சீசனுக்கு வாங்க, குடையோட.

வெளியூர் வண்டின்னா கிளம்பும் முன்னாடி நீலகிரிக்குள்ள வர்றதுக்கான இ-பாஸ் (ஆன்லைன் அனுமதி) எடுத்துடுங்க, அரசு பஸ்ல வந்தா தேவையில்ல. பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை. பிடிச்சா அபராதம், ஸ்டீல் பாட்டிலோட வாங்க.