15 அடங்கியது, 21 அடங்கவில்லை

வணக்கம். விடுதி மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கிறேன். அறையில் தோழி தூங்குகிறாள், அதனால் காற்றின் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எம்.எஸ்சி. கணிதத்தில் பெரிய பெரிய கணக்குகளா போடுகிறீர்கள் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எண்ணைப் பார்த்தே நாளாகிவிட்டது, எல்லாம் நிரூபணம். முதல் பருவத்தில் அதையும் நெட்டுருப் போட்டேன். பி.எஸ்சி.யைத் தாண்டியதே அப்படித்தான். உள்தேர்வில் சைலோ தேற்றம் வந்தது. குலம் (group) என்பது, எந்த இரண்டு உறுப்புகளைச் சேர்த்தாலும் விடை உள்ளேயே வரும், சேர்த்ததைத் திருப்பியெடுக்கவும் முடியும் ஒரு தொகுப்பு. அதற்குள் எந்த அளவுச் சிறு குலங்கள் எத்தனை இருக்கலாம் என்று சொல்வதுதான் இந்தத் தேற்றம். மடமடவென்று எழுதிக்கொண்டே போனேன். நடுவில் ஒரு வரி மறந்தது. அடுத்த வரி எதற்காக வருகிறது என்று தெரிந்தால்தானே தொடர முடியும்? 10க்கு 3.

அன்றிரவு நிரூபணத்தை மூடிவைத்துவிட்டு, 15 உறுப்புகள் கொண்ட குலம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். இந்தத் தாளைப் பாருங்கள், பின்பக்கம் மளிகைக் கணக்கு. 5 உறுப்புள்ள சைலோ உட்குலங்கள், அதாவது உள்ளே இருக்கும் 5 உறுப்புச் சிறு குலங்கள், எத்தனை? தேற்றத்தின்படி அந்த எண்ணிக்கை 3இன் காரணியாக இருக்கவேண்டும். 5ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். 1 மட்டுமே தேறுகிறது. 3 உறுப்புள்ளவை 1 அல்லது 5. ஆனால் 5ஐ 3ஆல் வகுத்தால் மீதி 2, ஆகவே அதுவும் ஒன்றுதான். இரண்டு அளவிலும் ஒவ்வொன்றுதான் என்றால் முடிந்தது: 15 உறுப்புள்ள எந்தக் குலமும் சக்கரக் குலமே, அதாவது ஒரே உறுப்பைத் திரும்பத் திரும்பச் சேர்த்தே முழுவதையும் பெறலாம்; பரிமாற்று விதிக்கும் அடங்கியது.

அதே கையோடு 21. 7 உறுப்புள்ளது ஒன்றுதான். 3 உறுப்புள்ளவை 1 அல்லது 7. 7ஐ 3ஆல் வகுத்தால் மீதி 1! தடுக்க ஆளில்லை. அந்த இடுக்கு வழியாகப் பரிமாற்று விதிக்கு அடங்காத, அதாவது சேர்க்கும் வரிசையை மாற்றினால் விடையும் மாறக்கூடிய, குலம் ஒன்று உண்மையிலேயே நுழைந்துவிடுகிறது. ஒரு மீதி செய்யும் வேலை! இதைப் பார்த்த பிறகுதான் நிரூபணத்தில் அந்த மறந்துபோன வரி எதற்கு இருக்கிறது என்று புரிந்தது.

இன்னொன்று. 1872இல் இந்தத் தேற்றத்தை வெளியிட்ட லுட்விக் சைலோ, நார்வேயில் ஒரு பள்ளி ஆசிரியர். பள்ளி வேலைக்குப் போனால் கணிதம் போய்விடும் என்று புலம்பும் என் வகுப்புத் தோழர்களிடம் இதை அடிக்கடி சொல்லி வெறுப்பேற்றுகிறேன்.

கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான நெட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதன் கணிதத் தாளின் மூன்றாம் பகுதியில் ஒரு கேள்விக்குச் சரியான விடைகள் ஒன்றுக்கு மேல் இருக்கலாம். அத்தனையையும் குறித்தால்தான் 4.75 மதிப்பெண். நெட்டுரு அங்கே செல்லாது.

33, 39 இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஒன்று 15இன் பக்கம், மற்றது 21இன் பக்கம். எது எது என்று கீழே எழுதுங்கள். கைப்பேசியில் மின்னூட்டம் தீரப்போகிறது, இறங்குகிறேன்.