இசட் ஸ்கோர் வந்துவிட்டது, வெட்டுப்புள்ளி வரவில்லை: அதுவரை எதை நம்பலாம்?

[திரையில்: ஏ.எல். பெறுபேற்றுத் தாள். பெயரும் சுட்டெண்ணும் மறைக்கப்பட்டிருக்கின்றன.]

வணக்கம். ஏ.எல்., அதாவது இலங்கையின் க.பொ.த. உயர்தரப் பரீட்சை ரிசல்ட்ஸ் வந்தாயிற்று. இனி பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்த இடைவெளியில் கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை வீட்டுக்கு ஒரு சோதிடர் கிளம்பிவிடுவார். "போன வருடம் இதைவிடக் குறைவாக எடுத்த பிள்ளையே மெடிசின் போனது" என்பார் மாமா. டியூஷன் சேர் ஒருவர் ஃபேஸ்புக்கில் இந்த வருட வெட்டுப்புள்ளியை நான்கு தசமதானத்துக்குச் சொல்லிவிடுவார். அவர்களை விடுங்கள். உங்கள் தாளிலேயே மூன்று இலக்கங்கள் இருக்கின்றன: இசட் ஸ்கோர், மாவட்ட ரேங்க், அகில இலங்கை ரேங்க். எல்லாரும் முதலாவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் உங்களை இரண்டாவதைப் பார்க்கச் சொல்கிறேன்.

[திரையில்: மூன்று பாடங்கள், ஒரு கணக்கு.]

முதலில் இசட் ஸ்கோர். ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (எல்லாருடைய புள்ளிகளும் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதன் அளவு) வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, கெமிஸ்ட்ரியில் 70 என்று வையுங்கள். அந்த வருட சராசரி 40, நியம விலகல் 15 என்றால் உங்கள் இசட் 2. பயோவில் 72, சராசரி 52, விலகல் 20 என்றால் 1 தான். பார்த்தீர்களா, கூடிய புள்ளி எடுத்த பாடத்தில் இசட் குறைவு. பிசிக்ஸில் 1.5 வந்தால் மூன்றின் சராசரி 1.5. தாளில் இருப்பது இந்த சராசரிதான். பாடத்துக்குப் பாடம் வினாத்தாளின் கடினம் மாறுவதால் 2001 முதல் இந்த முறை நடைமுறையில் இருக்கிறது.

2011 ஏ.எல். எழுதியவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதியதில் எழுதியவர்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டதால் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2012இல் இசட் ஸ்கோரைத் திரும்பக் கணிக்க வேண்டியிருந்தது. கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது, யாரை யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதும் சரியாக இருக்க வேண்டும்.

சரி, போன வருட வெட்டுப்புள்ளியோடு இந்த வருட இசட் ஸ்கோரை ஒப்பிடலாமா? பருமட்டாக ஒப்பிடலாம். போன வருடத்தவை அனுமதிக் கைந்நூலிலேயே அச்சாகியிருக்கும். ஆனால் வெட்டுப்புள்ளி என்பது யாரோ முன்கூட்டியே தீர்மானித்து வைக்கும் கோடு இல்லை. ஒரு கற்கைநெறிக்குக் கடைசியாகத் தெரிவான பிள்ளையின் இசட் ஸ்கோர்தான் அது. எத்தனை இடம், எத்தனை பேர், அவர்கள் எதைக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். வெட்டுப்புள்ளியோடு தசமத்தின் மூன்றாம் தானத்தில் மட்டும் வித்தியாசப்படுபவர்களுக்குப் போன வருட இலக்கம் எதையும் உறுதியாகச் சொல்லாது.

[திரையில்: இலங்கை வரைபடம், 25 மாவட்டங்கள்.]

இங்கேதான் மாவட்ட ரேங்க் உதவுகிறது. கலைப்பிரிவை விட்டுவிடுவோம், அங்கே தெரிவு அகில இலங்கைத் திறமை அடிப்படையில். மற்றப் பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகைக்கேற்ப, 5 வீதம் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் நுவரெலியாவும் அந்தப் பதினாறுக்குள் வரும். கொழும்பு வராது. ஆகவே நுவரெலியா மாவட்டத்து ஹட்டனில் படித்த உங்கள் மச்சானின் இசட் ஸ்கோரை வைத்து உங்களுக்குக் கிடைக்குமா என்று பார்ப்பது வீண். அதேபோல, பாடசாலைப் பிள்ளைக்கு மாவட்டம் தீர்மானிக்கப்படுவது எந்தப் பாடசாலையில் படித்தார் என்பதை வைத்து. ஊர் பருத்தித்துறை என்றாலும் பம்பலப்பிட்டியில் படித்தவர் கொழும்போடுதான் போட்டி.

மாவட்டத்துக்கு வரும் இடங்கள் ஒரு வருடத்தில் தலைகீழாக மாறுவது அரிது. அதனால் கேட்க வேண்டிய கேள்வி இது: போன வருடம் கொழும்பு மாவட்டத்திலிருந்து இந்தக் கற்கைநெறிக்கு மொத்தம் எத்தனை பேர் போனார்கள்? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் வருடாந்தப் புள்ளிவிபரங்களில் மாவட்டவாரியாக இருக்கும். அதைவிடச் சுலபமான வழி, உங்கள் பாடசாலையிலிருந்து போன அக்காமாரிடம் மாவட்ட ரேங்க் கேட்பது. இசட் ஸ்கோரைக் கேட்காதீர்கள், ரேங்க்கைக் கேளுங்கள்.

கொழும்புக்கு ஒரு சிக்கல் உண்டு. மேலே நிற்பவர்களில் ஒரு பகுதி அகில இலங்கைத் திறமையிலேயே போய்விடுவார்கள். அதனால் சனத்தொகைப் பங்கை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் தேவையில்லாமல் பயப்படுவீர்கள், மொத்தத்தைப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் இருக்கும் எல்லாரும் உங்கள் இடத்தைக் கேட்கப்போவதுமில்லை. சிலர் வெளிநாடு போவார்கள், சிலர் அடுத்த முறை திரும்ப எழுதுவார்கள்.

[திரையில்: விண்ணப்பத்தின் விருப்பத்தெரிவு வரிசை.]

வருடா வருடம் பிள்ளைகள் கேட்பது: "மெடிசினை முதலாவதாகப் போட்டுக் கிடைக்காவிட்டால், இரண்டாவதாகப் போட்டது கையை விட்டுப் போகுமா?" போகாது. இரண்டாவதாகப் போட்டிருக்கிறீர்கள் என்பதற்காக, அதை முதலாவதாகப் போட்ட குறைந்த ஸ்கோர்க்காரர் உங்களை முந்த முடியாது. உங்கள் வரிசையில் எட்டக்கூடிய முதலாவது இடம் உங்களுக்கு வரும். ஒரே மெடிசினுக்குள்ளும் கொழும்பு, களனி, பேராதனை, யாழ்ப்பாணம் என்று ஒவ்வொன்றும் தனித் தெரிவு, தனி வெட்டுப்புள்ளி. எனவே "கிடைக்கக்கூடியதை முதலில் போடு" என்ற அறிவுரை மிகவும் கெட்ட அறிவுரை. கிடைக்கக்கூடியதை மேலே போட்டால் அதுவேதான் கிடைக்கும்.

மற்ற அறிகுறிகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். விண்ணப்பம் கிடைத்தது என்று பதில் வந்தால் விண்ணப்பம் கிடைத்தது, அவ்வளவுதான். வட்ஸ்அப்பில் வரும் "கசிந்த" வெட்டுப்புள்ளிப் பட்டியலை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள், ஏற்கனவே எல்லா அம்மாமாரும் நித்திரை இல்லாமல் இருக்கிறார்கள். மீள்பரிசீலனையில் புள்ளி மாறினால் மட்டும் இசட் ஸ்கோரும் ரேங்க்கும் உண்மையிலேயே மாறும்.

கடைசியாக, வெட்டுப்புள்ளி வந்து மயிரிழையில் தவறியவர்களுக்கு. தெரிவானவர்கள் குறித்த திகதிக்குள் பதிய வேண்டும். பதியாதவர்களின் இடங்கள் வெற்றிடமாகி, அடுத்த நிலையில் இருப்பவர்களைக் கொண்டு நிரப்பப்படும். ஆகவே வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நிற்பவர்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தையும் விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சலையும் தொலைபேசியையும் பார்த்துக்கொண்டே இருங்கள். அந்த சிம்மை மட்டும் இப்போது மாற்றிவிடாதீர்கள். தெரிவானவர்கள் இணையத்தில் பதிவது எப்படி என்பதை அடுத்த வீடியோவில் படிப்படியாகக் காட்டுகிறேன்.