ஒரே சாரத்தில், வேறு கூலியில்

நேயர்களுக்கு வணக்கம். கோவையிலும் திருப்பூரிலும் எழும் அடுக்குமாடிக் கட்டடங்களின் அருகே சற்று நின்றால், கம்பி கட்டும் இடத்திலிருந்து இந்தியும் வங்காளமும் ஒடியாவும் காதில் விழுகின்றன. தகரக் கொட்டகையில் தங்கிச் சில மாதங்கள் உழைத்து, சத் பூஜைக்கோ அறுவடைக்கோ ஊர் திரும்பும் அத்தொழிலாளரைப் பற்றி நம் கொத்தனார்களும் சித்தாள்களும் என்ன நினைக்கிறார்கள் என்பதை, தொழிற்சங்கப் பணியில் அவர்களோடு நெடுநாள் பழகியவன் என்ற முறையில் சொல்ல விழைகிறேன்.

அவர்களுடைய மனத்தாங்கலை வெறுப்பு என்று ஒதுக்கிவிடுவது நியாயமன்று. இரவில் தளம் போடவும் ஞாயிற்றுக்கிழமை பூச்சு வேலை பார்க்கவும் வேலையிடத்திலேயே ஆள் தங்கியிருக்கும்போது, மாலையில் அன்னூருக்கோ சூலூருக்கோ பேருந்து ஏற வேண்டிய உள்ளூர்க்காரரை மேஸ்திரி எதற்காக அழைப்பார்? கூலியை உயர்த்திக் கேட்டால், வடக்கத்தி ஆள் இருக்கிறான் என்ற ஒரே சொல்லில் பேச்சு முடிந்துவிடுகிறது.

மிகுதியாக இழந்தவர்கள் சித்தாள் பெண்களே. தளம் போடும் நாளில் ஏணிப்படி நெடுக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றிய அவர்களுடைய வேலையை ரெடிமிக்ஸ் லாரியும் பம்பும் எடுத்துக்கொண்டன; எஞ்சிய சுமையை வெளிமாநில இளைஞர்கள் தூக்குகிறார்கள். இயந்திரத்தின் மேல் கோபப்பட முடியாததால், கண்முன் நிற்கும் இளைஞன்மேல் அது பாய்கிறது. அவனோ, வரும்போதே ஊர்த் தரகரிடம் முன்பணம் வாங்கிக் கடன்பட்டு வந்தவனாக இருப்பதால், கூலி பேசும் நிலையிலேயே இல்லை.

பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு தாண்டிக் கட்டட வேலைக்குப் போய், அங்கே ‘பாண்டி’ என்று இழித்துரைக்கப்பட்டவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். 2023 மார்ச்சில், வடமாநிலத்தவர் இங்கே தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, பலர் அஞ்சி மூட்டை கட்டியபோது, அவர்களைத் தேற்றி நிறுத்தியவர்களில் அத்தகைய மூத்த கொத்தனார்களும் இருந்ததை நான் கண்டேன்.

ஒரே வேலைக்கு உள்ளூரார் பெறுவதற்குக் குறையாத கூலியும், அதற்கு மேல் இடப்பெயர்வுப் படியும் தர வேண்டும் என்று, மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளருக்கான 1979-ஆம் ஆண்டுச் சட்டமே விதித்திருந்தது. அது வேலையிடங்களில் நடைமுறைக்கு வந்திருந்தால், மலிவான ஆள் என்ற பேச்சே எழுந்திராது. இதை நான் விளக்கிய கூட்டங்களில் நம் கொத்தனார்கள் கேட்டது, வந்தவர்களைத் திருப்பி அனுப்புங்கள் என்றன்று; இருவர் கூலியையும் ஒரே தாளில் எழுதி, சிமெண்ட் கொட்டகைச் சுவரில் எல்லார் கண்ணிலும் படும்படி தமிழிலும் இந்தியிலும் ஒட்டச் சொல்லுங்கள் என்றுதான்.