நாற்பத்தாறு மீட்டர் கயிறு

(வேலூரில் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

நம் பாடத்திட்டத்தில் பாறையும் புதைபடிவமும் ஒரு பருவத்தில் வருகின்றன. புவி வெப்பமாதல் வேறொரு பருவத்தில் வருகிறது. இரண்டையும் இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அதற்கான கற்பித்தல் கருவிகளில் பெரும்பாலானவை நம் மாவட்டத்திலேயே கிடைக்கின்றன.

முதற்கருவி ஒரு கயிறு. புவியின் வயது சுமார் 460 கோடி ஆண்டுகள். விளையாட்டுத் திடலில் 46 மீட்டர் கயிற்றை நீட்டினால் ஒரு மீட்டர் 10 கோடி ஆண்டுகளாகும். ஒரு மில்லிமீட்டர் ஒரு லட்சம் ஆண்டுகளாகும். இன்றைய நாளைக் குறிக்கும் நுனியிலிருந்து 25 மீட்டர் பின்னோக்கி நடந்து ஒரு மாணவரை நிறுத்துங்கள். நம் வேலூர்க் குன்றுகளின் பாறைகள் ஏறத்தாழ அந்தக் காலத்தவை. "இந்த மலையில் ஏன் புதைபடிவம் கிடைப்பதில்லை?" என்று அங்கேயே கேளுங்கள். அன்று நுண்ணுயிர்கள் தவிர வேறு உயிர்கள் இல்லை என்பதும், இப்பாறைகள் நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை என்பதும் அப்போதுதான் பிள்ளைகள் மனத்தில் பதியும். புதைபடிவம் இல்லாத ஊர் என்று நாம் குறைபட்டுக்கொள்ளத் தேவையில்லை. இல்லாமைக்கான காரணமே அருமையான பாடம்.

நுனியிலிருந்து 1.2 மீட்டரில், கல்லாகவே மாறிப்போன மரமான பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் கல்மரம் வருகிறது. 1940இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் உலகறியச் செய்த அம்மரம் சுமார் 18 மீட்டர் நீளமுடையது. 66 சென்டிமீட்டரில் டைனோசர்கள் மறைகின்றன. 20 சென்டிமீட்டரில் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக் கல்மரங்கள் வருகின்றன.

திருவக்கரைக்கு நாம் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். மண்ணில் புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கரைந்த நீர் ஊறி, திசுக்களின் இடத்தைக் கல்லாக நிரப்பியிருப்பதையும், ஆண்டு வளையங்கள்கூட அழியாதிருப்பதையும் அங்கே நேரில் காணலாம். ஆயினும் விடையை நீங்களே முந்திச் சொல்லிவிடாதீர்கள். கிடக்கும் அடிமரங்களில் கிளையும் வேரும் இருக்கின்றனவா என்று தேடச் சொல்லுங்கள். இல்லை என்று கண்டபின், இவை நின்ற இடத்திலேயே விழுந்தவையா, வெள்ளம் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்தவையா என்று அவர்களே வாதிடுவார்கள். ஆய்வு என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விளக்கப்படமும் காட்டாது. அங்கிருந்து ஒரு துண்டும் எடுத்து வரக்கூடாது என்பதையும் சேர்த்தே கற்பியுங்கள்.

இனி, கூர்மையான மாணவர் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அரியலூரில் ஒரு காலத்தில் கடல் இருந்தது, அங்கே கடல் உயிரிகளின் படிவங்கள் கிடைக்கின்றன என்கிறீர்கள். காலநிலை எப்போதும் மாறிக்கொண்டுதானே இருக்கிறது, இப்போது மட்டும் ஏன் கவலைப்பட வேண்டும்?" இக்கேள்வியை அடக்கிவிடாதீர்கள், மீண்டும் கயிற்றுக்கே வாருங்கள். அண்டார்க்டிகப் பனிக்கட்டிக்குள் சிறைப்பட்ட காற்றுக்குமிழிகள் 8 லட்சம் ஆண்டுகளின் கதையைச் சொல்கின்றன. கயிற்றில் அது வெறும் 8 மில்லிமீட்டர். அவ்வளவு காலமும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்குச் சுமார் 300 பங்குக்கு மேல் போனதில்லை. தொழிற்புரட்சிக்கு முன் அது 280. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இந்த ஏற்றம் நிகழ்ந்த சுமார் 270 ஆண்டுகளைக் கயிற்றில் குறிக்க முயன்றால், தலைமயிரின் தடிமனில் மிகச் சிறு பங்குதான் வரும். கவலைக்குரியது மாற்றத்தின் வேகம் என்பதை அந்தக் கணத்தில் மாணவர் கண்ணால் காண்பார்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்ததை நாம் பார்த்தோம். 1903இலும் பாலாறு வாணியம்பாடியைச் சீரழித்திருக்கிறது. ஒரு வெள்ளத்தையோ ஓர் அக்னி நட்சத்திர வெயிலையோ காட்டி, இதுதான் காலநிலை மாற்றம் என்று சொல்லிவிடக் கூடாது. வானிலை வேறு, காலநிலை வேறு. பின்னதை அறியப் பொதுவாக 30 ஆண்டுப் பதிவுகளின் சராசரி வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மழைமானியும், நிழலில் காற்றோட்டமான இடத்தில் ஒரு வெப்பமானியும் இருக்கட்டும். மழையளவை நாள்தோறும் காலை 8.30 மணிக்குக் குறியுங்கள்; வானிலைத் துறையும் அதே நேரத்தில்தான் மழையைக் கணக்கிடுகிறது, ஆதலால் நம் பதிவை வேலூர் வானிலை நிலையத்தின் எண்களோடு ஒப்பிட முடியும். கருவிகளை இடம் மாற்றாதீர்கள். பணிமாறுதலில் செல்லும் ஆசிரியர், வருகைப் பதிவேட்டைப் போலவே அந்தக் குறிப்பேட்டையும் அடுத்து வருபவரிடம் முறையாக ஒப்படைத்துவிட்டுச் செல்ல வேண்டும்.