வேரைக் கேட்காதீர்கள், ஊரைக் கேளுங்கள்

(‘ஒரு சொல்லின் பொருளைத் தீர்மானிப்பது அதன் வேரே! அதன் வழக்கே!’ என்ற பட்டிமன்றத்தில், ‘வழக்கே’, அதாவது மக்கள் புழங்கும் விதமே, என்ற அணியின் உரை. விவாதத்துக்கு எடுத்துக்கொண்ட சொல், ஆங்கிலத்தில் எல்லார் வாயிலும் புழங்கும் ‘நைஸ்’.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் கண் மூடாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

எதிரணித் தலைவர் ஐயா பேசி முடித்து உட்கார்ந்ததும் நடுவர் என்ன சொன்னார், கவனித்தீர்களா? “நைஸ் சார், ரொம்ப நைஸ்” என்றார். ஐயாவும் முகமெல்லாம் சிரிப்பாகக் கும்பிட்டுக்கொண்டார். ஆனால் அதுவரை நமக்கு அவர் பாடம் நடத்தியது என்ன? நைஸ் என்ற சொல்லின் அசல் பொருள் ‘முட்டாள்’. வேரில் இருப்பதுதான் உண்மைப் பொருள், மற்றதெல்லாம் ஜனங்கள் செய்த கலப்படம். இப்படித்தானே சொன்னார்? அந்த வாதத்தில் அவருக்கே நம்பிக்கை இருந்தால் இந்நேரம் நடுவர் மேல் மானநஷ்ட வழக்கு போட்டிருக்க வேண்டாமா? சிரித்தாரே! அந்தச் சிரிப்பு எங்கள் அணிக்கு விழுந்த முதல் ஓட்டு.

வேரைப் பற்றி அவர் சொன்ன தகவல் சரிதான், அதை நான் மறுக்க வரவில்லை. இலத்தீனில் ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். முன்னால் ‘நெ’ என்று ஒரு மறுப்பைப் போட்டால் ‘நெஸ்கியுஸ்’, அதாவது அறியாதவன். பழைய பிரெஞ்சு மொழிக்கு வரும்போது சொல் தேய்ந்து, அசடு, மந்தம் என்ற பொருளில் நின்றது. 1066-இல் பிரான்சின் நார்மண்டிப் பகுதிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அப்புறம் அரண்மனை வழியாகவும் நீதிமன்றம் வழியாகவும் பிரெஞ்சுச் சொற்கள் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கின. 1300-ஐ ஒட்டி இந்தச் சொல்லும் ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது. அப்போது ஒருவரை நைஸ் என்றால், ‘ஆள் கொஞ்சம் மக்கு’ என்று அர்த்தம்.

ஐயா சொல்லாமல் விட்ட ஒன்றை நான் சொல்கிறேன். அதே ‘ஸ்கீரே’யிலிருந்துதான் ‘சயின்ஸ்’ என்ற சொல்லும் வந்தது. சயின்ஸும் நைஸும் பங்காளிகள். எதிரணி சட்டப்படி, “எங்கள் சயின்ஸ் டீச்சர் ரொம்ப நைஸ்” என்று ஒரு பிள்ளை சொன்னால், “அறிவைக் கற்றுக்கொடுப்பவர் அறிவே இல்லாதவர்” என்று பொருள் கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளைக்கு மார்க் யார் போடுவது?

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அதே நெஸ்கியுஸ் ஸ்பானிய மொழிக்குப் போய் ‘நெசியோ’ ஆனது. இன்றைக்கும் ஸ்பானிய மொழி பேசுகிறவரிடம் போய் நெசியோ என்று சொல்லிப் பாருங்கள். முட்டாள், பிடிவாதக்காரன் என்று திட்டியதாகத்தான் எடுத்துக்கொள்வார், அடி விழுந்தாலும் விழும். இலண்டனில் அதே வேரிலிருந்து வந்த நைஸைச் சொன்னால் தேநீர் கிடைக்கும். வேர் ஒன்றுதானே ஐயா? பொருளைத் தீர்மானிப்பது வேர் என்றால் இரண்டு ஊரிலும் ஒன்று அடி விழ வேண்டும், அல்லது தேநீர் வர வேண்டும்.

சரி, அசடு என்ற பொருள் எப்படி ‘இனிமை’ வரைக்கும் வந்தது? ஒரே தாவலில் வரவில்லை. அசடு என்று தொடங்கியது, ஒழுக்கம் கெட்ட ஆட்டம்பாட்டத்தையும் பகட்டையும் குறிக்கப் போனது. கூச்சம், எதற்கெடுத்தாலும் முகம் சுளிக்கும் சுபாவம், அளவுக்கு மீறிப் பதம் பார்க்கும் குணம் என்று பல பக்கம் கிளைத்தது. பதம் பார்க்கிறவர் நுணுக்கம் அறிந்தவராகத்தானே இருப்பார்? அங்கிருந்து நுட்பமான, துல்லியமான என்ற பொருள்கள் வந்தன. 1755-இல் சாமுவேல் ஜான்சன் தன் ஆங்கில அகராதியை வெளியிட்டபோது, மிகச் சிறிய வேறுபாட்டையும் கண்டுபிடிக்கும் துல்லியம் என்ற பொருளைத்தான் பெரிதாகக் காட்டினார். இன்றும் வக்கீல்கள் ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ (நுட்பமான வேறுபாடு) என்று சொல்வது அந்தப் பொருளில்தான். நாம் சொல்லும் ‘இனிமையான, நல்ல’ என்ற பொருள் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. ஒரே சொல் வசவாகத் தொடங்கிப் பாராட்டாக முடிந்திருக்கிறது.

இதைக் கேட்டதும் எதிரணி அம்மா கையை உயர்த்தினார்கள். “பார்த்தீர்களா, வழக்கை நம்பினால் இப்படித்தான் குழப்பம். பழைய புத்தகம் படிக்கும்போது என்ன செய்வீர்கள்? அதற்கு வேர் வேண்டாமா?” என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. வாருங்கள், ஒரு பழைய பக்கத்தையே திறந்து பார்ப்போம்.

ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட், 1590-களில் எழுதப்பட்டது. கடைசி அங்கம். ஜூலியட் உண்மையில் சாகவில்லை, மருந்து குடித்து மயங்கிக் கிடக்கிறாள் என்ற செய்தியைத் துறவி லாரன்ஸ் ஒரு கடிதத்தில் எழுதி, ஜான் என்ற இன்னொரு துறவியிடம் கொடுத்து ரோமியோவுக்கு அனுப்புகிறார். வழியில் ஜான் இருந்த வீட்டைக் கொள்ளைநோய் புகுந்த வீடு என்று சந்தேகப்பட்டுக் கதவை அடைத்து முத்திரை வைத்துவிடுகிறார்கள். கடிதம் போகவில்லை, அப்படியே திரும்பி வருகிறது. லாரன்ஸ் பதறுகிறார். அந்தக் கடிதம் நைஸ் இல்லை, கனமான விஷயம் உள்ளது என்கிறார். இங்கே நைஸ் என்றால் என்ன? இன்றைய பொருளை வைத்தால் ‘கடிதம் இனிமையாக இல்லை’ என்று வரும், தப்பு. எதிரணியின் வேரை வைத்தால் ‘கடிதம் முட்டாள் இல்லை’ என்று வரும், அதுவும் தப்பு. ‘அற்பமான விஷயம் இல்லை’ என்பதுதான் பொருள். அது யார் கொடுத்த பொருள்? அந்தக் காலத்து இலண்டன் நாடகக் கொட்டகையில் நின்று பார்த்த ஜனங்களின் வழக்கு கொடுத்தது. இத்தனை நேரமும் எதிரணி ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறது: பழைய பொருளைக் காட்டி, அதுதான் வேர் என்று சொல்லிக் கொடுக்கிறது. பழைய பொருள் வேறு, வேர் வேறு. பழைய பொருள் என்பது பழைய காலத்து வழக்கு. அது எங்கள் கட்சி ஐயா!

ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்களே இந்தச் சொல்லிடம் கையைப் பிசைந்திருக்கிறார்கள். 16, 17-ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் பல இடங்களில் இதை ஆசிரியர் எந்தப் பொருளில் எழுதினார் என்று சொல்வதே கடினம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வேரைக் கரைத்துக் குடித்தவர்கள் அவர்கள். வேர் கையில் இருந்தும் பொருள் பிடிபடவில்லை. ஏன்? அந்த வழக்கு நம் கையை விட்டுப் போய்விட்டது.

இனி என் முக்கியமான சாட்சிக்கு வருகிறேன். ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டின் எழுதிய ‘நார்த்தாங்கர் அபி’ நாவல். அவர் 1817 ஜூலையில் இறந்தார், அதே வருடக் கடைசியில் புத்தகம் வெளிவந்தது. அதில் பாத் நகரத்தை ஒட்டிய பீச்சன் கிளிஃப் குன்றைச் சுற்றி மூன்று பேர் நடக்கிறார்கள். பதினேழு வயது கேத்தரின், அவளுக்குப் பிடித்த ஹென்றி டில்னி, அவன் தங்கை எலினார். தனக்குப் பிடித்த ஒரு நாவலைக் கேத்தரின் ‘உலகத்திலேயே ரொம்ப நைஸான புத்தகம்’ என்று சொல்லிவிடுகிறாள். ஹென்றி பிடித்துக்கொள்கிறான். நைஸ் என்றால் நேர்த்தி என்று சொல்கிறாயா, அப்படியானால் அது பைண்டிங்கைப் பொறுத்தது என்கிறான். அவள் பாவம், நான் தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே, அது நைஸான புத்தகம்தான், அப்படிச் சொன்னால் என்ன என்று கேட்கிறாள். அவன் விடுவதாக இல்லை. இன்று நைஸான நாள், நாம் போவது நைஸான நடை, நீங்கள் இருவரும் நைஸான பெண்கள், எல்லாவற்றுக்கும் பொருந்தும் நைஸான சொல் என்று அடுக்குகிறான். அடுத்து ஒரு பாடம் வேறு: ஆதியில் இது நேர்த்தி, பண்பு, மென்மை போன்றவற்றுக்கு மட்டும்தான் வழங்கியிருக்கும் என்கிறான்.

எவ்வளவு கம்பீரமாகச் சொல்கிறான் பாருங்கள்! ‘ஒருவேளை’ என்று ஒரு கொக்கி போட்டுக்கொண்டுதான் சொல்கிறான், ஆனாலும் தப்பு. ஆதியில் இருந்தது நேர்த்தி இல்லை, அசட்டுத்தனம். அவன் வேர் என்று நினைத்தது அவனுக்கு ஒரு தலைமுறை முந்தைய வழக்கு. வேரைப் பிடித்துக்கொண்டு பிறரைத் திருத்த வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள். தன் தாத்தா பேசியதை ஆதிகாலம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். (எங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் உண்டு. எதிரணியில் இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை.)

அந்த இடத்தில் தங்கை எலினார் சொல்வதைக் கேளுங்கள். அண்ணா, அந்தச் சொல் உனக்குத்தான் பொருந்தும், அதுவும் பாராட்டாக இல்லை, உனக்கு அறிவைவிட நைஸ்தான் அதிகம் என்கிறாள். அவள் சொன்ன நைஸ் ‘எதற்கெடுத்தாலும் குற்றம் பார்க்கும் குணம்’. ஒரே உரையாடலில் கேத்தரின் ஒரு பொருளில் சொல்கிறாள், ஹென்றி இரண்டாவது பொருளில் எடுக்கிறான், எலினார் மூன்றாவது பொருளில் திருப்பிக் கொடுக்கிறாள். மூன்று பேருக்கும் புரிகிறது, வாசகருக்கும் புரிகிறது. இந்த மூன்றில் எதற்காவது இலத்தீன் தேவைப்பட்டதா?

எதிரணியின் இன்னொரு குற்றச்சாட்டு, வழக்கு இந்தச் சொல்லை வெறும் சக்கையாக்கிவிட்டது, எல்லாவற்றுக்கும் நைஸ் என்றால் எதற்குமே பொருளில்லை என்பது. ஹென்றியின் புலம்பலும் அதுதான். ஆனால் சக்கை என்றால் எப்படி இத்தனை வேலை செய்கிறது? இலண்டன்காரர் ‘நைஸ் அண்ட் ஹாட்’ என்றால் தேநீர் நல்ல சூடாக இருக்கிறது, அங்கே நைஸ் சூட்டுக்கு அழுத்தம் கொடுக்கிறது. சமையலறையைக் குப்பையாக்கிய பையனிடம் அம்மா ‘நைஸ்’ என்று இழுத்தால் அவன் ஓடி ஒளிகிறான். லினக்ஸ் கணினியில் ‘நைஸ்’ என்று ஒரு கட்டளையே இருக்கிறது. ஒரு புரோகிராமுக்கு மைனஸ் 20-இலிருந்து 19 வரை ஓர் எண் கொடுக்கலாம். எண் கூடக் கூட அந்தப் புரோகிராம் மற்றவற்றுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும். அதாவது பெருந்தன்மைக்கு எண் போட்டிருக்கிறார்கள்! மைனஸ் எண் கொடுத்து முந்திக்கொள்ள வேண்டுமானால் பொதுவாக ‘ரூட்’ அனுமதி, அதாவது கணினி நிர்வாகியின் அனுமதி, வேண்டும். ஆங்கிலத்தில் ரூட் என்றால் வேர்தான். எதிரணி கைதட்ட வேண்டாம், அந்த ரூட் வேறு.

கடல் தாண்டி நம்மிடம் வந்த பிறகு இந்தச் சொல் செய்த வேலையை நீங்களே அறிவீர்கள். மாவு மில்லில் அரிசியும் பருப்பும் கொண்டுபோய் நின்றால் மில்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “நைஸா, குருணையா?” என்று கேட்கிறார். முறுக்குக்கு நைஸ், அடைக்குக் கொரகொரப்பு. ஆங்கில எழுத்து ஒன்றுகூடத் தெரியாத பாட்டி, “நைஸா அரைச்சுக் குடு தம்பி” என்று சொல்லிவிட்டு, இரண்டு விரலுக்கு நடுவே மாவைத் தேய்த்துப் பார்த்துத் தலையாட்டுகிறார். கூட்டம் முடிவதற்குள் ஒருத்தர் நைஸாக நழுவிவிடுகிறார். கடன்காரரை ஒருத்தர் நைஸ் பண்ணி அனுப்புகிறார். ஆங்கிலேயருக்கு இதில் ஒன்றுகூடப் புரியாது. கலப்படம் என்பாரா எதிரணித் தலைவர்? மில்காரர் ஒருநாளாவது நைஸ் கேட்டவருக்கு முட்டாள் மாவு அரைத்துக் கொடுத்திருக்கிறாரா?

இன்னொரு விசித்திரம். ‘நைஸாகப் பேசிக் காரியம் சாதித்தான்’ என்கிறோம், ‘நைச்சியமாகப் பேசிக் காரியம் சாதித்தான்’ என்றும் சொல்கிறோம். நைச்சியம் வடமொழி வழி வந்தது, தாழ்மை என்று பொருள். வைணவப் பெரியவர்கள் பெருமாள் முன் தம்மைத் தாழ்த்திக்கொண்டு சொல்வது நைச்சியானுசந்தானம். ஒரு பக்கம் பக்தனின் பணிவு, இன்னொரு பக்கம் இலத்தீன் அசடு. நடுவில் நம் ஊர்க்காரர் இரண்டையும் வைத்துக்கொண்டு சைக்கிள் கடன் வாங்கிவிடுகிறார்.

எதிரணித் தலைவர் கடைசியாக ஒரு பெரிய குண்டு போட்டார். சொற்பிறப்பியலைக் குறிக்கும் எடிமாலஜி என்ற சொல்லிலேயே, கிரேக்கத்தில், ‘உண்மை’ இருக்கிறது என்றார். இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காலத்துக் கிரேக்கர் அப்படி நம்பினார்கள். இன்று அந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லின் வரலாற்றைத்தான் சொல்கிறார்கள். எங்கே பிறந்தது, எங்கெல்லாம் போனது என்று காட்டுகிறார்கள். இனிமேல் இப்படித்தான் பேச வேண்டும் என்று யாரையும் மிரட்டுவதில்லை. எடிமாலஜி என்ற சொல்லே வேரில் நிற்காமல் நகர்ந்துவிட்டது!

அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மா, ‘வழக்கெனப் படுவது உயர்ந்தோர் மேற்றே’ (வழக்கு என்பது உயர்ந்தோருடையதே) என்று தொல்காப்பிய வரியைத் தயாராக வைத்திருப்பார்கள். அவர்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: அதில் தொல்காப்பியர் வழக்கு யாருடையது என்றுதான் விளக்குகிறார், அதை விட்டுவிட்டு வேரைப் பார் என்று சொல்லவில்லை.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு சவாலோடு உட்காருகிறேன். துறவி லாரன்ஸின் கடிதம், எலினார் அண்ணனுக்குக் கொடுத்த குட்டு, மாவு மில்காரர் கேட்ட கேள்வி. இந்த மூன்று நைஸுக்கும் ‘அறியாதவன்’ என்ற வேர்ப்பொருளை மட்டும் வைத்து அம்மா விளக்கம் சொல்லட்டும். சொல்லிவிட்டால் எனக்குப் போட்ட பொன்னாடையை நானே கழற்றி அவர்களுக்குப் போர்த்துகிறேன். சொல்லும்போது தயவுசெய்து மில்காரரைக் கோபப்படுத்த வேண்டாம், தீபாவளி நெருங்குகிறது.

நன்றி, வணக்கம்.