கரட்டுப் பாறையில் பைரிக் குஞ்சுகள்

வானொலி கேட்டுக்கிட்டிருக்கிற எல்லாருக்கும் வணக்கமுங்க.

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல்னு நம்ம கொங்கு நாட்டுல நெட்டுக்குத்தா எழும்பி நிக்கிற பாறைகளுக்குக் குறைவே இல்லை. அந்த மாதிரி செங்குத்துப் பாறைதான், புறாவை அடிச்சுத் தின்கிற வேட்டைப் பறவையான பைரிக்கு வீடு. புறா வளர்க்கிறவங்களுக்கு இந்தப் பேரு நல்லாத் தெரியும். முதுகு கருஞ்சாம்பல், வயிறு செம்மண் நிறம், தலையில கறுப்புத் தொப்பி போட்ட மாதிரி இருக்கும். பனிக்காலத்துல வடக்கே இருந்து வந்துட்டுப் போற பைரி வேற, அது இங்க முட்டை வைக்காது. இங்கேயே இருக்கிற பைரி மார்கழிக்கும் சித்திரைக்கும் நடுவுல குஞ்சு பொரிக்கும். எந்தக் கரட்டுல கூடு இருக்குதுன்னு மட்டும் வானொலியில சொல்றதுக்கில்லைங்க. குஞ்சு திருடறவங்களும் வானொலி கேட்பாங்க.

கூடுன்னு சொல்றமே தவிர, அது ஒரு குச்சி கூடக் கொண்டு வந்து வைக்கிறதில்லை. பாறை விளிம்புல கிடக்கிற பொடிக்கல்லை நெஞ்சாலயும் காலாலயும் தள்ளி ஒரு குழி பண்ணிக்கும், அவ்வளவுதான். அதுல செங்கல் பொடி நிறத்துல மூணு நாலு முட்டை. கோழிக்கு 21 நாள் கணக்கு. இதுக்கு 32 நாள் பக்கம் ஆகும். முட்டையை ஒரே நாள்ல வைக்காது, ரெண்டு நாளைக்கு ஒண்ணா வைக்கும். ஆனா மூணாவது முட்டை வந்த பிறகுதான் அழுத்தி உட்காரும். அதனால குஞ்சுகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சமயத்துல வெளியே வந்துரும்.

முட்டைன்னதும் ஒண்ணு சொல்லியாகணுங்க. 1960 வாக்குல பிரிட்டன்ல பந்தயப் புறா வளர்க்கிறவங்க ஒரு புகார் கொடுத்தாங்க. பைரி பெருகிப் போச்சு, எங்க புறாவெல்லாம் போகுதுன்னு. சரி, எண்ணிப் பார்ப்போம்னு 1961லயும் 62லயும் கணக்கெடுத்தாங்க. அந்த வேலையை நடத்தினவர் டெரெக் ராட்கிளிஃப். எண்ணிப் பார்த்தா பைரி பெருகலை, பாறை பாறையா காலியாக் கிடக்குது! இருந்த கூட்டுலயும் முட்டை நொறுங்கிக் கிடக்குது. அடைகாக்கிற தாயோட பாரத்தையே ஓடு தாங்கலை. அவர் என்ன பண்ணினார்னா, சேகரிப்புகள்ல இருந்த பழைய முட்டை ஓடுகளை எடுத்து நிறுத்துப் பார்த்தார், நீளம் அகலம் அளந்தார். 1947 வாக்குல இருந்து ஓடு சட்டுனு மெலிஞ்சிருந்தது. 1967ல அதை வெளியிட்டார். காரணம் டிடிடிங்கற பூச்சிமருந்து. மருந்தைத் தின்ன பூச்சியைக் குருவி தின்னு, குருவியைப் பைரி தின்னு, கடைசி வாயிலதான் விஷம் அதிகமாச் சேரும். நம்ம நாட்டுல விவசாயத்துக்கு டிடிடி 1989ல தடையாச்சு. பாருங்க, பைரி மேல கொடுத்த புகார்தான் பைரியைக் காப்பாத்தற வழியைத் திறந்துவிட்டது.

இப்ப குஞ்சுக்கு வருவோம். ஓட்டுல முதல் விரிசல் விழுந்து குஞ்சு வெளியே வர ரெண்டு நாள் கூட ஆகும். எடை ஏறக்குறைய நம்ம கோழிக்குஞ்சு எடைதான். ஆனா கோழிக்குஞ்சு அன்னைக்கே ஓடும், கொத்தும். இது கண்ணு கூடத் திறக்காது, தலையைத் தூக்கித் தூக்கிப் போடும். தாய் இறைச்சியை நெல்லுமணி அளவு கிள்ளி ஊட்டும். இரை கொண்டு வர்றது பெரும்பாலும் ஆண். முதல் பத்து நாள் குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாத்திக்கத் தெரியாது. ராத்திரிக் குளிருக்கு மட்டுமில்லைங்க, மாசி பங்குனி மத்தியான வெயிலுக்கும் தாய் வேணும். ரெக்கையை அரைவாசி விரிச்சு நிழல் கொடுத்துக்கிட்டு நிக்கும். அந்த நேரத்துல யாராவது பாறை மேல ஏறித் தாயைக் கிளப்பிவிட்டா, கொஞ்ச நேரத்துலயே குஞ்சு வெந்துரும்.

ஆறு நாள்ல எடை ரெட்டிப்பாகும். மூணு வாரத்துல பத்து மடங்கு பக்கம் வந்துரும். வயசை ரோமத்தைப் பார்த்தே சொல்லலாம். மெலிசான வெள்ளைப் பூம்பஞ்சு இருந்தா முதல் வாரம். திக்கான பஞ்சுக்கு மாறினா ரெண்டாவது வாரம். ரெக்கை ஓரத்துல கறுப்பா முள்ளு முள்ளா நீட்டிக்கிட்டு வந்தா மூணாவது வாரம். பாதி பஞ்சு, பாதி இறகுன்னு அலங்கோலமா நின்னா அஞ்சாவது வாரம். தலையில மட்டும் கொஞ்சம் பஞ்சு ஒட்டிக்கிட்டிருந்தா கிளம்பப் போகுதுன்னு அர்த்தம்.

இந்த முள்ளு இறகு சமயம்தான் ரொம்ப முக்கியம். அப்ப ரெண்டு மூணு நாள் இரை குறைஞ்சா, வளர்ற இறகு எல்லாத்துலயும் ஒரே வரிசையில மெலிசா ஒரு கோடு விழுந்துரும். பசிக்கோடு. பின்னால பறக்கறப்ப இறகு ஒடிஞ்சா அந்தக் கோட்டுலதான் ஒடியும். அடுத்த இறகு மாத்தற வரைக்கும் அந்தக் குறையோடவே வேட்டையாடணும். அதனால பார்க்கிறவங்க தீனிப்பையைக் கவனிங்க. கோழிக்கு மாதிரியே கழுத்துக்குக் கீழ உருண்டையாப் புடைச்சிருந்தா வயிறு நிறைஞ்சிருக்குது. எந்தக் குஞ்சுக்குப் புடைப்பு, எத்தனை மணிக்குன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க.

எங்க நின்னு பார்க்கிறது? குறைஞ்சது அரைக் கிலோமீட்டர் தள்ளி, கீழ இருந்து. பாறையில சுண்ணாம்பு ஊத்தின மாதிரி வெள்ளைக் கோடு வழிஞ்சிருக்கும். குஞ்சு விளிம்புக்குப் பின்பக்கத்தைக் காட்டி எச்சத்தைப் பீச்சறதுதான் அது. முதல்ல பைனாகுலர்ல அந்தக் கோட்டைப் பிடிங்க, அப்புறம் ஸ்டேண்டு வெச்ச டெலஸ்கோப்பை அதுக்கு நேரா மேல திருப்புங்க. காலையில ரெண்டு மணி நேரம் போதும். தாய் பறந்து வந்து ‘கேக் கேக் கேக்’னு விடாமக் கத்தினா, நீங்க ரொம்பக் கிட்ட இருக்கறீங்க. பின்வாங்கிருங்க. அதே பாறையில மலைத்தேனீக் கூடும் இருக்கலாம், அதுக்கும் உஷாரா இருந்துக்கோங்க.

நேரம் முடியப் போகுதுன்னு கை காட்டறாங்க. பறக்கக் கத்துக்கறதைப் பத்தி விரிவாச் சொல்ல நினைச்சிருந்தேன், சுருக்கமாச் சொல்லிடறேன். ஆறு வாரத்துல, ஆண் குஞ்சு ஒண்ணு ரெண்டு நாள் முந்தியே, கூட்டை விட்டுக் கிளம்பும். அதுக்கப்புறமும் ஒரு மாசத்துக்கு மேல பெத்தவங்கதான் தீனி போடணும். செத்த இரையை வானத்துல இருந்து நழுவ விடுவாங்க, குஞ்சு பாய்ஞ்சு பிடிக்கும். ஒரு மாசம் தாண்டின குஞ்சு இருக்கிற கூட்டுக்குக் கிட்ட மட்டும் போகவே போகாதீங்க. பயந்துபோய்ப் பறக்கத் தெரியறதுக்கு முன்னாலயே குதிச்சுரும். தரையில குஞ்சு கிடந்தா சோறு, பால் எதுவும் கொடுக்காதீங்க. நாய் வராம ஆள் நின்னுக்கிட்டு, வனத்துறைக்குச் சொல்லி அனுப்புங்க. 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணைப் பறவை இது, வீட்டுல வளர்க்கிறது குற்றம். வணக்கமுங்க.